உறுப்புக்கு உறுப்பு வேறுபடும் நோயெதிர்ப்பு: மண்ணீரல் இழந்தவர்கள் சார்பில் ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனாக் காலம் தொட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளின் நலவாழ்வுப் பக்கங்களில் ‘நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது எப்படி’ என்ற வகைக் கட்டுரைகள் தொடர்ந்து வெளிவருகின்றன. தங்கள் பத்திரிகையும் இதற்கு விலக்கன்று. உடல்நலத்தில் மக்களுக்கு அக்கறை பிறந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் இக்கட்டுரைகளிற் பல, நோயெதிர்ப்பு என்பது உடல் முழுவதும் ஒரே தன்மையுடன் பரவியிருப்பது என்றும், கசாயம் குடித்தால் ஏறும், உணவைக் குறைத்தால் இறங்கும் என்றும் வாசகரை எண்ண வைக்கின்றன. அந்த எண்ணம் பிழையானது என்பதைக் காட்ட, மக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கிக் கலங்களை விடத் தெளிவான சான்று கிடையாது. வன்னியில் வாழும், மண்ணீரல் அகற்றப்பட்ட ஒரு சாராரின் உயிர்ப் பாதுகாப்பு இந்த விடயத்தை அறிந்திருப்பதிலேயே தங்கியிருக்கிறது என்று நம்புவதால், சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

உடலுக்குள் புகும் அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்கும் கலங்களை 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திரமீன் குடம்பிகளில் அவதானித்து, அதுவே உடலின் பாதுகாப்பு முறை என்று வாதிட்டவர் இலியா மெச்னிகோவ். அதற்காக 1908இல் போல் ஏர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஈரலில் விண்மீன் வடிவக் கலங்கள் இருப்பதை அவருக்கும் முன்னரே, 1876இல், கார்ல் வில்ஹெல்ம் வொன் குப்பர் விவரித்திருந்தார். எனினும் அவையும் விழுங்கும் கலங்களே என்பது 1898இல்தான் தெளிவாயிற்று. பிற்காலத்தில், 1970கள் முதல், ஒரு கொள்கை பாடநூல்களில் நிலைபெற்றது. என்புமச்சையில் மொனோசைற்று என்னும் வெண்குழியம் உருவாகிறது, அது குருதியில் ஓடுகிறது, எந்த இழையத்துக்குள் நுழைந்தாலும் பெருவிழுங்கியாக மாறுகிறது என்பதே அது. நாங்கள் படித்ததும், நெடுங்காலம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதையே. அந்தக் கொள்கையின்படி, ஈரலில் இருப்பதும் நுரையீரலில் இருப்பதும் ஒரே தொழிலாளி. வேலைத்தலம் மட்டுமே வேறு.

2010 முதல் எலிகளில் நடந்த ஆய்வுகள் அந்தக் கொள்கையின் பெரும்பகுதியை மாற்றிவிட்டன. மூளையின் பெருவிழுங்கிகளான மைக்ரோகிளியா, என்புமச்சை உருவாகுவதற்கு நெடுநாள் முன்னரே கருவுணவுப் பையில் தோன்றி, மூளைக்குள் குடியேறி, அங்கேயே பெருகி வாழ்நாள் முழுவதும் நிலைக்கின்றன. ஈரலின் குப்பர் கலங்களும் நுரையீரற் சிற்றறைகளின் பெருவிழுங்கிகளும் பெரும்பாலும் கருக்காலத்து முன்னோடிக் கலங்களின் வழிவந்தவை. உடல் நலமாயிருக்கும்வரை குருதியிலிருந்து அவற்றுக்கு ஆட்சேர்ப்புத் தேவைப்படுவதில்லை. குடற்சுவரின் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்குள்ள பெருவிழுங்கிகளிற் பெரும்பாலானவை நிலைத்திருப்பதில்லை. குருதியிலிருந்து வரும் மொனோசைற்றுகள் இடையறாது அந்த இடங்களை நிரப்புகின்றன. பிறப்பே இப்படி வேறுபடும்போது, பிறந்த இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், எலியின் வயிற்றறைப் பெருவிழுங்கிகளை எடுத்து நுரையீரலுக்குள் விட்டபோது, அவற்றின் மரபணுச் செயற்பாட்டிற் பெரும்பகுதி நுரையீரற் கலங்களைப் போல மாறியது. குடியேறிய இழையம் தரும் சமிக்ஞைகள் ஒரு பெருவிழுங்கியின் இயல்பை அந்த அளவுக்கு வடிவமைக்கின்றன.

இனி, இந்த வேறுபாடு செயலில் எப்படித் தோன்றுகிறது என்று பார்ப்போம். மனித நுரையீரல்களில் ஏறத்தாழ 480 மில்லியன் சிற்றறைகள் இருப்பதாக அளந்திருக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் சூடடிக்கும் களத்தில் நிற்பவரோ, கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவரோ உள்ளிழுக்கும் தூசியின் நுண்துணிக்கைகள் சிற்றறைகள் வரை சென்றுவிடும். அங்கே காவல் இருக்கும் பெருவிழுங்கி ஒவ்வொரு துணிக்கையையும் கண்டு அழற்சியைக் கிளப்பினால், சிற்றறைகளில் நீர் கோத்து மூச்சே நின்றுவிடும். எனவே அது சத்தமின்றி விழுங்குகிறது. அயலிலுள்ள நோயெதிர்ப்புக் கலங்களை எழுப்பாமல், சில வேளை அவற்றை அடக்கியும் வைக்கிறது. சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் கொழுப்புப் படலத்தின் மிகுதியை உண்டு துப்புரவாக்குவதும் அதன் வேலையே. அந்த வேலைக்கு அதனைத் தயார்செய்யும் ஜி.எம்.-சி.எஸ்.எப். என்ற புரதச் சமிக்ஞை தடைப்பட்டவர்களின் சிற்றறைகளில் அந்தப் படலம் தேங்கி மூச்சுத் திணறலை உண்டாக்குவதை மருத்துவம் அறியும். ஆனால் இந்த அமைதிக்கு ஒரு விலையும் உண்டு. காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் வந்ததும் முதலில் தங்குவது இந்தக் கலங்களுக்குள்தான். எலிகளில் 2018இல் நடந்த ஆய்வொன்று, சிற்றறைப் பெருவிழுங்கிக்குள் காசக் கிருமி எளிதாகப் பெருகுவதையும், அதே நுரையீரலின் இழையத்துக்குள் இருக்கும், குருதி வழி வந்த பெருவிழுங்கிகள் அதனைக் கட்டுப்படுத்துவதையும் காட்டியது. ஒரே உறுப்புக்குள் சில மைக்ரோமீற்றர் இடைவெளியிலேயே இவ்வளவு வேறுபாடு என்றால், ‘உடலின் நோயெதிர்ப்புச் சக்தி’ என்று ஒரே சொல்லில் எதனைக் கூட்டுவது, எதனைக் குறைப்பது?

குடலின் பெருவிழுங்கிகள் பற்றீரியாவை விழுங்கிக் கொல்லும், ஆனால் அழற்சிப் பொருள்களை வெளிவிடா. கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழும் இடத்தில் அந்த அடக்கம் கட்டாயம் வேண்டும். இன்டர்லூக்கின் 10 என்ற அடக்கும் சமிக்ஞையை ஏற்கமுடியாமற் பிறக்கும் குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே கடுமையான குடலழற்சி வருவது இதனை உறுதிப்படுத்துகிறது. அவர்களுடைய துன்பம், ‘எதிர்ப்புச் சக்தி’ கூடியதால் வந்த துன்பம் என்பதைக் கசாய விளம்பரங்களை எழுதுபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘மக்ரோபேஜ் கலங்களைத் தூண்டுவது ஆய்வுகூடத்தில் நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சிட்டு விற்கப்படும் சத்துமாவுகளையும் குளிசைகளையும் நான் கண்டிருக்கிறேன். இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் எலியின் என்புமச்சையிலிருந்தோ வயிற்றறையிலிருந்தோ எடுத்துத் தட்டில் வளர்த்த கலங்களில் செய்யப்படுபவை. அந்தக் கலங்கள் தந்த விடை நுரையீரலுக்கும் ஈரலுக்கும் மூளைக்கும் பொருந்தும் என்று கொள்ள எந்த ஆதாரமும் இல்லை.

தமிழர்களுக்கு அருகிலேயே நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பு இந்த விடயத்தை மேலும் துலக்கும். 1903இல் சென்னை அரசாங்க வைத்தியசாலையில் பணியாற்றிய சார்ல்ஸ் டொனோவன், காய்ச்சலோடு மண்ணீரல் வீங்கிய நோயாளிகளிடம் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். அவரது பெயரும் வில்லியம் லீஷ்மனின் பெயரும் சேர்ந்து அது ‘லீஷ்மானியா டொனோவானி’ ஆயிற்று. மனித உடலில் பெரும்பாலும் பெருவிழுங்கிக்குள்ளேயே குடியிருந்து பெருகுவது அதன் இயல்பு. ஆய்வுகூட எலிக்கு இந்த ஒட்டுண்ணியைக் குருதி வழி செலுத்தினால், ஈரலில் குப்பர் கலங்கள் ஒன்றுதிரண்டு, ரி கலங்கள் என்னும் வெண்குழியங்களின் துணையோடு அதனைச் சுற்றி முடிச்சுகளாகக் கட்டி, சில வாரங்களில் பெரும்பாலும் ஒழித்துவிடுகின்றன. அதே எலியின் மண்ணீரலில், அதே வேளையில், ஒட்டுண்ணி நீங்காமல் நிலைத்துவிடுகிறது. ஒரே விலங்கு, ஒரே கிருமி. ஈரல் வெல்கிறது, மண்ணீரல் தோற்கிறது.

இலங்கையில் இந்த இனமே தோலில் ஆறாத புண்ணாக வெளிப்படுகிறது. உள்நாட்டில் தொற்றிய முதல் நோயாளி 1992இல் அறியப்பட்டார். 2008 முதல் இது கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டிய நோய். பீகாரில் ஈரலையும் மண்ணீரலையும் பிடிக்கும் இனம் இங்கே தோலோடு நிற்பதற்குப் பெருவிழுங்கிகள் மட்டுமே காரணம் என்று நான் கூறவரவில்லை. இங்குள்ள ஒட்டுண்ணியின் மரபணுக்களிலும் மாற்றங்கள் கண்டறியப்பட்டுள்ளன. வன்னியின் காட்டோரங்களிலும் மாட்டுப்பட்டிகளை அண்டியும் வேலை செய்வோர் இதனை அறிந்திருப்பது நல்லது. மணல் ஈ கடித்த இடத்தில் சிறு பருவாகத் தொடங்கி, மாதக்கணக்கில் மெல்லப் பெருத்து, விளிம்பு தடித்து நடுவில் குழி விழும் இந்தப் புண் பெரும்பாலும் வலிப்பதோ அரிப்பதோ இல்லை, காய்ச்சலும் வருவதில்லை. ஆகவேதான் ‘தன்ர பாட்டில காயும்’ என்று விட்டுவிடுகிறார்கள். தோற் சிகிச்சைப் பிரிவுகளில் புண்ணுக்குள் ஊசிமருந்து ஏற்றியோ திரவ நைதரசனால் உறையவைத்தோ குணப்படுத்துகிறார்கள். சுணங்கினால் வடு பெரிதாகும்.

இவ்வளவும் எழுதியதன் முதன்மை நோக்கத்துக்கு இப்போது வருகிறேன். உயர்தர உயிரியல் வகுப்பில் நிர்ப்பீடனப் பாடம் தொடங்கும்போது, இறைச்சிக்கடையில் வாங்கிய ஆட்டு மண்ணீரலை மாணவர் முன் குறுக்காக வெட்டிக் காட்டுவது என் வழக்கம். கருஞ்சிவப்புக் கூழுக்கு நடுவே குறுணி போன்ற வெண்புள்ளிகள் சிதறிக் கிடப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். கத்தியின் முதுகால் மெதுவாகச் சுரண்டினால் சிவப்புக் கூழ் வழிந்துவிட, நார்ச் சட்டகம் எஞ்சும். அந்தச் சிவப்புக் கூழில் இருக்கும் பெருவிழுங்கிகள் ஏறத்தாழ 120 நாள் ஓடித் தேய்ந்த செங்குழியங்களை விழுங்கி, அவற்றின் இரும்பை உடலுக்கு மீளக் கொடுக்கின்றன. நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு இவ்வாறு பெருவிழுங்கிகள் வழியாகத் திரும்புகிறது. உணவிலிருந்து நாம் உறிஞ்சுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். சிவப்புக் கூழும் வெண்புள்ளிகளும் சந்திக்கும் எல்லையில் வேறு வகைப் பெருவிழுங்கிகளும் பி கலங்களும் அடுத்தடுத்து இருந்து, குருதியில் வரும் கிருமிகளைச் சோதிக்கின்றன. நியூமோகொக்கஸ் போன்ற, சர்க்கரைப் பொருளாலான உறை போர்த்த பற்றீரியாக்கள் அகப்படும் முக்கிய இடம் இது.

ஈரலின் குப்பர் கலங்களும் குருதியிலுள்ள பற்றீரியாவை ஓட்டத்திலேயே பிடிப்பவைதாம். உடலின் இழையப் பெருவிழுங்கிகளுள் பெருந்தொகையினர் ஈரலில்தான் இருக்கின்றனர். ஆனால் உறை போர்த்த பற்றீரியாவை ஈரல் பிடிக்கவேண்டுமாயின், அதன் மேல் பிறபொருளெதிரிகள், அதாவது கிருமியை இனங்கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதங்கள், நன்கு படிந்திருக்க வேண்டும். உடல் முன்பின் கண்டிராத, பிறபொருளெதிரி இன்னும் உருவாகாத கிருமியை முதல் மணித்தியாலங்களில் வடித்தெடுக்கும் ஆற்றல் மண்ணீரலுக்கே பெரிதும் உண்டு. மண்ணீரல் அகற்றப்பட்டவருக்கு மற்ற உறுப்புகளின் பெருவிழுங்கிகள் எல்லாம் குறைவின்றி இருக்கும். அன்றாடம் நலமாகவே நடமாடுவார். ஆனால் அந்த ஒரு பணியை ஏற்க வேறெவரும் இல்லை. 1952இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர், மண்ணீரல் அகற்றப்பட்ட பச்சிளங் குழந்தைகள் ஐவர் கடுந்தொற்றுக்கு ஆளானதை எழுதிய பின்னரே மருத்துவ உலகம் இந்த ஆபத்தை உணர்ந்தது. சிறு காய்ச்சலாக, நடுக்கமாகத் தொடங்கும் தொற்று, ஒரு நாளுக்குள் உயிரைப் பறிக்கக்கூடியது. சத்திரசிகிச்சைக்குப் பின்வரும் முதற் சில ஆண்டுகளில் ஆபத்து மிகுதி என்றாலும், அது வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது.

வன்னியில் இத்தகையோர் நம்மிடையே இருக்கிறார்கள். வயிற்றில் அடிபட்டு மண்ணீரல் கிழிந்தால் குருதிப்பெருக்கை நிறுத்த அதனை அகற்றுவதே பல வேளைகளில் உயிர் காக்கும் வழி. போர்க்காலத்தில், அதிலும் 2009இன் தொடக்க மாதங்களில் இடம்விட்டு இடம்பெயர்ந்து இயங்கிய வைத்தியசாலைகளில், இத்தகைய சத்திரசிகிச்சைகள் எந்த நிலைமையில் செய்யப்பட்டன என்பதை இங்குள்ளோர் அறிவர். தடுப்பூசி பற்றியும் பின்தொடர் சிகிச்சை பற்றியும் விளக்குவதற்கு அப்போது நேரமும் இருக்கவில்லை, மருந்தும் இருக்கவில்லை. கொடுத்த துண்டும் இடப்பெயர்வில் தொலைந்தது. என் மாணவி ஒருத்தியின் தந்தை, நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை இறங்கும் தையற் தழும்பைக் காட்டி, ‘செல் துண்டு உள்ள போனது, ஏதோ ஒண்டை வெட்டி எடுத்ததெண்டு சொன்னவை, என்னெண்டு எனக்குத் தெரியாது’ என்றார். அவரது கிளினிக் கொப்பியில் நீரிழிவும் குருதியழுத்தமும் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்தத் தழும்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. போரோடு தொடர்பில்லாமல், வீதி விபத்தாலோ, மரத்திலிருந்து விழுந்தோ, தலசீமியா என்னும் பரம்பரைக் குருதி நோய்க்காகவோ மண்ணீரலை இழந்தவர்களும் இதே நிலைமையில் இருக்கக்கூடும்.

தன் உடலில் மண்ணீரல் உண்டா இல்லையா என்று அறிவது இன்று கடினமானதன்று. வயிற்றை ஸ்கான் செய்து பார்த்தால் தெரியும். குருதிப் பூச்சு ஒன்றை நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும் தடயம் கிடைக்கும்: செங்குழியங்களுக்குள் எஞ்சும் கருவின் துணுக்குகளை வழக்கமாக மண்ணீரற் பெருவிழுங்கிகள் பிடுங்கி எடுத்துவிடும், மண்ணீரல் இல்லாதவரின் செங்குழியங்களில் அவை கரும்புள்ளிகளாக அப்படியே நிற்கும். ஹவல்-ஜொலி துணிக்கைகள் என்று ஆய்வுகூடத்தார் இவற்றைக் குறிப்பிடுவர். காயத்தின்போது சிதறிய மண்ணீரற் துணுக்குகள் சிலருடைய வயிற்றறையில் ஒட்டி வளர்வதுண்டு; அவற்றை நம்பித் தடுப்பூசியைத் தவிர்க்க முடியாது.

தடுப்பூசி இங்கே எப்படி உதவுகிறது என்பதுதான் நான் மேலே விரித்த வேறுபாட்டின் பயன். நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ், ஹீமோபிலஸ் இன்புளுவென்சா பி வகை ஆகிய உறை போர்த்த பற்றீரியாக்களுக்கு எதிரான தடுப்பூசிகள் குருதியில் முன்கூட்டியே பிறபொருளெதிரிகளை உண்டாக்கி வைக்கின்றன. கிருமி வரும்போது அவை அதன் உறைமீது படிய, மண்ணீரல் இல்லாவிடினும் ஈரலின் குப்பர் கலங்கள் அதனைப் பிடித்துவிடுகின்றன. ஓர் உறுப்பின் காவலை இழந்தவருக்கு இன்னோர் உறுப்பின் காவலைத் தகுதிப்படுத்தும் வழி இது. சத்திரசிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழிந்திருந்தாலும் பயன் தரும். எந்த ஊசி, எந்த இடைவெளியில் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். எல்லாக் கிருமிகளுக்கும் ஊசி இல்லாததால், இவர்களுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் பரசிற்றமோல் குடித்துவிட்டு விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வாசலிலேயே ‘எனக்கு மண்ணீரல் இல்லை’ என்று சொல்ல வேண்டும். நாய் கடித்தால் விசர்நாய்த் தடுப்பூசியோடு நின்றுவிடாமல் அதையும் சொல்ல வேண்டும். நாயின் வாயில் வாழும் ஒருவகைப் பற்றீரியா மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாது, இவர்களையோ கடுமையாகத் தாக்கும். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றுவிட்டபோதும், இந்தியாவுக்கோ ஆபிரிக்க நாடுகளுக்கோ பயணம் செய்யும் இவர்கள் தடுப்பு மருந்து பற்றி முன்னதாகக் கேட்டறிய வேண்டும். ஒட்டுண்ணி ஏறிய செங்குழியங்களை வடிக்கும் வேலையும் மண்ணீரலுடையதே.

ஆகையால் மூன்று தரப்பினரிடம் பணிவாகக் கேட்கிறேன். பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள், வயிற்றுச் சத்திரசிகிச்சைத் தழும்போடு தொற்றா நோய்க் கிளினிக்குகளுக்கு வருவோரிடம் மண்ணீரல் அகற்றப்பட்டதா என்று ஒருமுறை கேட்டு, ஐயம் இருந்தால் ஸ்கான் செய்வித்து, கிளினிக் கொப்பியின் முன்னட்டையிலேயே அதனைச் சிவப்பு மையில் பதியலாம். கிராமங்களுக்குச் சென்று வரும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் இப்படிப்பட்டவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் தெரியும். அவர்கள் ஒரு சொல் சொன்னாற் போதும். தங்கள் பத்திரிகை, நலவாழ்வுப் பக்கத்தில் நோயெதிர்ப்பைப் பற்றி அடுத்து எழுதுவிக்கும் கட்டுரையை மண்ணீரல் இழந்தோருக்கான தடுப்பூசி பற்றி ஒரு வைத்திய நிபுணரைக் கொண்டு எழுதுவித்து, காலபோக மழையோடு காய்ச்சல்கள் பெருகும் மாதங்களுக்கு முன்னர் வெளியிட்டால், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் அது சேர வேண்டிய வீடுகளுக்குச் சேரும்.

இப்படிக்கு,
உயர்தர உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி.